இருபது ஆண்டுகள் ஓர் அறைக்குள்: டோனாவூர் அம்மா ஏமி கார்மைக்கேல்

திருநெல்வேலிச் சீமையில், களக்காட்டுக்கு அருகே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது டோனாவூர். பனையும் வயலும் செம்மண்ணும் உள்ள சின்ன ஊர். பெயர் மட்டும் தமிழ்ப் பெயரல்ல. 1827ஆம் ஆண்டில் அங்கே தேவாலயம் கட்ட ரேனியஸ் ஐயருக்குப் பண உதவி செய்தவர் பிரஷ்யா நாட்டுப் பிரபு டோனா. அவர் பெயரோடு ஊர் சேர்ந்து டோனாவூர் ஆனது. மலாயாவுக்குக் கப்பலேறி வந்தவர்களில் திருநெல்வேலிக் கிறிஸ்தவக் குடும்பங்களும் உண்டு என்பதால், இங்குள்ள சில வீடுகளில் பெரியவர்களுக்கு இந்த ஊர்ப் பெயர் பழக்கமாக இருக்கும்.

அந்தச் சிற்றூரை உலகத்தின் பல மூலைகளிலும் அறிய வைத்தவர் ஓர் அயர்லாந்துப் பெண்மணி. 1895இல் இந்தியாவில் கால் வைத்தார். 1951இல் டோனாவூர் மண்ணிலேயே அடக்கமானார். இடைப்பட்ட 55 ஆண்டுகளில் ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை. கடைசி 20 ஆண்டுகளில் தம் அறையை விட்டு வெளியே வந்ததே அபூர்வம். அவரைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் அவர் காப்பாற்றிய பிள்ளைகளைப் பற்றிப் பேசுவார்கள். அது நியாயம்தான். ஆனால் நோயிலும் தனிமையிலும் இருப்பவர்களுக்கு அந்தக் கடைசி 20 ஆண்டுகளே அதிகம் தேவைப்படுகின்றன.

ஏமி கார்மைக்கேல் 1867 டிசம்பர் 16ஆம் தேதி, இன்றைய வட அயர்லாந்தின் மில்லைல் என்ற கடலோரக் கிராமத்தில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். குடும்பத்துக்கு மாவு ஆலை இருந்தது, வசதிக்குக் குறைவில்லை, கண்டிப்பான பிரெஸ்பிட்டேரியன் வீடு. சிறு வயதில் அவருக்கு ஒரே ஒரு மனக்குறை. தாயின் கண்கள் நீலம், தமக்கோ பழுப்பு. கடவுள் கேட்டதைக் கொடுப்பார் என்று தாய் சொல்லியிருந்ததால், ஓரிரவு நீலக் கண்கள் வேண்டும் என்று ஜெபித்துவிட்டுப் படுத்தார். விடிந்ததும் கண்ணாடி முன் ஓடிப்போய்ப் பார்த்தார். கண்கள் பழுப்பாகவே இருந்தன. இல்லை என்று சொல்வதும் ஒரு பதில்தான் என அன்று புரிந்துகொண்டதாகப் பிற்காலத்தில் அவர் பிள்ளைகளிடம் சொல்லுவார். பின்னாளில் சேலை கட்டி, முகத்தில் நிறம் பூசிக்கொண்டு, வெள்ளைக்காரப் பெண் நுழைய முடியாத இடங்களுக்கு அவர் போய் வந்ததாகவும், அப்போது பழுப்புக் கண்களே கைகொடுத்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது. ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு மிகவும் பிடித்த கதை அது. பிடிக்காமல் எப்படி இருக்கும்?

குடும்பம் பெல்ஃபாஸ்ட் நகருக்குக் குடிபெயர்ந்தது. 1885இல் தந்தை இறந்தார். அதற்கு முன்பே தொழில் நொடித்திருந்தது. அந்நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும் வழியில், கனமான மூட்டையோடு தள்ளாடிய ஏழைக் கிழவிக்கு ஏமியும் இரண்டு தம்பிமாரும் கைகொடுத்தார்கள். மரியாதைப்பட்ட சபை மக்கள் எதிரே வந்தபோது மூவருக்கும் வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த வெட்கமே அவரை உறுத்தியது. எது நிலைக்கும், எது வைக்கோலைப்போல் எரிந்து போகும் என்று பவுல் எழுதிய பகுதி நெஞ்சில் தைத்தது என்று அவரே பின்னர் எழுதியிருக்கிறார்.

பெல்ஃபாஸ்ட்டின் ஆலைகளில் வேலை செய்த பெண்கள் தொப்பி வாங்கப் பணமின்றித் தலையில் சால்வையைப் போட்டுக்கொண்டு வருவார்கள். அவர்கள் தேவாலயத்துக்குள் வருவது சில கனவான்களுக்குப் பிடிக்கவில்லை. கூட்டம் பெருகியதும் 500 பேர் அமரக்கூடிய ஒரு தகரக் கூடத்தை அவர்களுக்காக ஏமி எழுப்பினார். அப்போது அவருக்கு வயது 22கூட நிரம்பவில்லை. தகரக் கூரையின் கீழ் நடக்கும் ஜெபக்கூட்டம் எப்படியிருக்கும் என்று தோட்டப்புற வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

உடல் அவருக்கு ஒருபோதும் ஒத்துழைக்கவில்லை. நரம்பு வலி வந்தால் நாட்கணக்கில் படுக்கைதான். சீனாவுக்குப் போக விண்ணப்பித்தார். மருத்துவர் அனுமதி தரவில்லை. 1893இல் ஜப்பானுக்குப் போனார். ஏறத்தாழ 15 மாதங்களில் உடல் முடங்கியது. அங்கிருந்து இலங்கைக்கு வந்து சிறிது காலம் தங்கி, பிறகு இங்கிலாந்து திரும்பினார். தம்மைச் சொந்த மகள்போல் வளர்த்த முதியவர் ராபர்ட் வில்சன் நோயுற்றதே திரும்பியதற்குக் காரணம்.

ஜப்பானில் நடந்த ஒன்றை அவர் பல பத்தாண்டுகள் யாரிடமும் சொல்லவில்லை. திருமணம் செய்துகொள்ளாமல் வாழவேண்டி வரும் என்ற எண்ணம் அங்கே அவரைப் பிடித்து ஆட்டியது. வருங்காலத்தை நினைத்தால் தனிமைதான் தெரிந்தது. அரிமா என்ற மலைப்பகுதியில் ஒரு குகைக்குள் போய் உட்கார்ந்து, இதை எப்படித் தாங்குவேன் என்று கடவுளிடம் முறையிட்டார். தம்மை நம்புகிறவர் ஒருவரும் கைவிடப்பட்டுத் தனித்து நிற்கமாட்டார் என்ற பொருளில் சங்கீதத்தில் வரும் வாக்கு அப்போது மனத்தில் பதிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். அதன்பின் தனிமை வரவேயில்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த வாக்கை அவர் விடவில்லை. பல ஆண்டுகள் கழித்து, அதே வழியில் நடக்கத் துணிந்த தம் பிள்ளை ஒருத்திக்கு ஆறுதல் சொல்லத்தான் இதை வெளியிட்டார்.

1895 நவம்பரில் பெங்களூர் வந்து சேர்ந்தார். வந்ததுமே டெங்குக் காய்ச்சல். அடுத்த ஆண்டின் இறுதியில் திருநெல்வேலிப் பக்கம் வந்தார். அங்கே நெடுங்காலம் ஊழியம் செய்துகொண்டிருந்த தாமஸ் வாக்கர் ஐயர், தமிழ் இலக்கணத்தில் தேர்ந்தவர். அவரே ஏமிக்குத் தமிழாசிரியர் ஆனார். பண்ணைவிளையில் தங்கியிருந்த நாட்களில், பொன்னம்மாள் என்ற இளம் விதவை உட்பட சில தமிழ்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போனார். சேலை உடுத்தார், பாயில் படுத்தார். அந்தப் பெண்கள் தாங்களாகவே நகைகளைக் கழற்றி வைத்தது அக்கம்பக்கத்தில் பெரும் பேச்சானது. பெண்ணின் கழுத்து வெறுமையாக இருந்தால் ஊர் என்ன நினைக்கும் என்று தமிழருக்குச் சொல்லித் தெரிய வேண்டுமா?

1901 மார்ச் மாதத்தில் அவர் வாழ்க்கை திசை மாறியது. பெருங்குளம் ஊரில் கோயில் வீட்டிலிருந்து ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இருட்டில் தப்பி ஓடி வந்தாள். முன்பும் ஒருமுறை தப்பித் தாயிடம் போயிருக்கிறாள். தாயே திரும்பக் கொண்டு விட்டிருக்கிறாள். தண்டனையாகப் பிஞ்சுக் கைகளில் சூடு வைத்திருந்தார்கள். வழியில் கண்ட ஒரு கிறிஸ்தவப் பெண் அவளை ஏமியிடம் அழைத்து வந்தார். பிரீனா என்ற அந்தப் பிள்ளை, முன்பின் தெரியாத வெள்ளைக்காரப் பெண்ணின் மடியில் ஏறி உட்கார்ந்து, தான் கண்டதையெல்லாம் பொம்மையை வைத்து நடித்துக் காட்டியது. அன்றுதான் பொட்டுக்கட்டும் வழக்கத்தின் உள்பக்கம் ஏமிக்குத் தெரிந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வழக்கத்தை எதிர்த்தவர்கள் மிஷனெரிகள் மட்டுமல்லர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்தில் போராடினார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் மேடைதோறும் பேசினார், நாவலாகவும் எழுதினார். தடைச் சட்டம் 1947இல்தான் வந்தது. ஆகவே இதை ஒரு மதம் இன்னொரு மதத்தைக் குற்றஞ்சாட்டும் கதையாகப் படித்தால் பாதியைத் தவற விட்டுவிடுவோம். பிரீனா ஓடி வந்த 1901இல் அந்தச் சட்டமோ அந்த மேடைகளோ இல்லை.

ஏமியின் குழு டோனாவூரில் நிலைகொண்டது. பிள்ளைகள் வரத் தொடங்கினர். 1904இலிருந்து கைக்குழந்தைகளும் வந்தன. 1913 வாக்கில் எண்ணிக்கை 130ஐ எட்டியது. 1918இலிருந்து ஆண் குழந்தைகளையும் எடுத்து வளர்த்தார்கள். ஊர் ஊராகப் போய் நற்செய்தி சொல்ல வந்தவர், பாலாடையும் தொட்டிலுமாக ஓரிடத்தில் கட்டுண்டார். ஊழியத்தை விட்டு ஆயா வேலை பார்க்கிறாரே என்று சிலர் முகம் சுளித்தார்கள். பிள்ளைகளுக்குப் பிறந்த நாள் தெரியாது என்பதால், டோனாவூருக்கு வந்த நாளையே ஒவ்வொருவருக்கும் பண்டிகையாகக் கொண்டாடினார்கள். எல்லாருக்கும் அவர் அம்மா. பிள்ளைகள் பேச்சில் அது அம்மை ஆனது.

பணத்துக்காக யாரிடமும் கை நீட்டுவதில்லை என்பது அங்கே சட்டம். வேலை செய்பவர்களுக்குச் சம்பளம் கிடையாது. தேவையைக் கடவுளிடம் மட்டும் சொல்வார்கள். இப்படி ஒரு நிறுவனத்தை நடத்த முடியுமா என்று கேட்டால், கணக்கு வழக்கு தெரிந்த எவரும் முடியாது என்றே சொல்வர். அது நடந்தது.

எல்லாம் நன்மையாகவே முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்கு அருகில் இருக்கட்டும் என்று கைக்குழந்தைகளைப் பொன்னம்மாள் பொறுப்பில் அங்கே வைத்திருந்தார்கள். தொற்றுநோய் வந்து பல குழந்தைகள் மாண்டன. 1911இல் ஒரு சிறுமியைத் தாயிடம் ஒப்படைக்க வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, சிறுமி அதற்குள் காணாமல் போயிருந்தாள். ஏமிக்குத் தெரியாமலே சிலர் அவளை நாடு கடத்தியிருந்தார்கள். தாம் சிறை செல்ல நேரும் என்றே ஏமி நினைத்தார். சட்டத்தின் பக்கம் நின்று பார்ப்பவர்களுக்கு அது இன்றும் கேள்விக்குரிய சம்பவம்தான். 1912இல் வாக்கர் ஐயர் மறைந்தார். 1913இல் அயர்லாந்தில் தாய் இறந்தார். அதே காலத்தில் பொன்னம்மாளுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது.

பொன்னம்மாளின் நோய் ஏமியின் நம்பிக்கையை அசைத்துப் பார்த்தது. குணமாக வேண்டும் என்று எல்லாரும் கூடி ஜெபித்தார்கள். வெற்றியின் அடையாளமாகக் கட்டிலின் குறுக்கே ஓலை ஒன்றை வைத்து, எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். அன்று முதல் நோய் கூடியதே தவிரக் குறையவில்லை. வலி தாங்க முடியாமல் கிடந்து, 1915இல் பொன்னம்மாள் இறந்தார். ஏமிக்கு அவர் வலக்கை. தங்கை என்றாலும் தகும். நீலக் கண் கேட்ட சிறுமிக்குக் கிடைத்த அதே பதில், இம்முறை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாத விலையில் வந்தது. ஏன் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாக ஏமி எங்கும் நடிக்கவில்லை. இதைப் பின்னர் புத்தகத்திலும் மறைக்காமல் எழுதினார். குணமாக்கும் கூட்டங்களில் சாட்சி சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதி இது.

1919இல் அரசு அவருக்குக் கைசர்-இ-ஹிந்த் பதக்கம் அறிவித்தது. வேண்டாம் என்று மறுத்து எழுதினார். மரியாதைக் குறைவாகிவிடும் என்று பலர் சொன்னதால் இசைந்தார். விழாவுக்கு மட்டும் போகவில்லை.

பிறகு 1931 வந்தது. அக்டோபர் 24ஆம் தேதி காலையில், தம்மைச் சேவைக்கு இன்னும் தகுதியாக்க எது தேவையோ அதைச் செய்யும்படி அவர் ஜெபித்திருந்தார். மாலையில் களக்காட்டில் மருந்தகம் தொடங்குவதற்காக வாடகைக்கு எடுத்திருந்த வீட்டைப் பார்க்கப் போனார். பொழுது சாய்ந்திருந்தது. கழிப்பறைக்காகத் தோண்டிய குழி, இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது. இருட்டில் அதில் விழுந்தார். கால் முறிந்தது, கணுக்கால் பிசகியது, முதுகெலும்பு அடிபட்டது. வயது 63.

சில வாரங்களில் நடந்துவிடுவார் என்றே எல்லாரும் எண்ணினார்கள். வாரங்கள் மாதங்களாயின. ஒன்று போனால் இன்னொன்று என்று மூட்டு வாதம், நரம்பு அழற்சி, தொற்று எல்லாம் வந்தன. இரவில் தூக்கம் இல்லை. காடு மேடெல்லாம் வண்டி கட்டிப் போனவர், மலைக் காட்டில் பிள்ளைகளோடு ஓடையில் நீந்திக் களித்தவர், ஓர் அறைக்குள் அடங்கினார். அந்த அறையை அமைதி அறை என்று அழைத்தார்கள். தாழ்வாரத்தில் பறவைகள் இருந்தன. சன்னலில் மலை தெரிந்தது.

நோயாளிகளுக்கென்று அன்பர்கள் அனுப்பிய துண்டுப் பிரசுரங்களும் ஆறுதல் புத்தகங்களும் கட்டில் ஓரத்தில் குவிந்தன. அவற்றில் பல அவருக்கு உதவவில்லை. ஏன் என்று யோசித்தபோது ஒன்று விளங்கியது. அவற்றை எழுதியவர்கள் நல்ல உடல்நலத்தோடு நாற்காலியில் உட்கார்ந்து எழுதியவர்கள். வலியில் துடிப்பவனிடம் பொறுமையின் நன்மையைப் பேசுவது அவர்களுக்கு எளிது. நோயாளிக்கு நோயாளி எழுத வேண்டும் என்று முடிவு செய்து, தம்மைப்போல் படுக்கையில் கிடந்தவர்களுக்கு அவர் எழுதிய கடிதங்கள் 1933இல் ரோஸ் ஃபிரம் பிரையர் என்ற புத்தகமாக வந்தன. முள்செடியிலிருந்து பறித்த ரோஜா என்று பொருள்.

மருத்துவமனை வார்டில் ஒருநாளாவது படுத்தவர்களுக்கு அந்தப் புத்தகத்தின் நேர்மை உடனே பிடிபடும். எல்லாம் நன்மைக்கே என்று அவர் அடுத்தவர் தலையில் கட்டவில்லை. வலி வலிதான் என்கிறார். நோயைக் கடவுள் தந்த பரிசு என்று கொஞ்சவும் இல்லை. அது பகைவன் தொடுத்த அம்பு என்பதே அவர் எண்ணம். ஆனால் அந்த அம்பு தைத்த இடத்தில் தம்மோடு ஒருவர் இருக்கிறார் என்பதில் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. பவுல் தம் உடலின் முள்ளை நீக்கும்படி மூன்று முறை வேண்டியும் முள் நீங்காமல், அதைத் தாங்கப் போதுமான கிருபை வாக்களிக்கப்பட்டதை அவர் திரும்பத் திரும்பப் படித்தார். முள் நீங்கியிருந்தால் அந்தப் பகுதியால் அவருக்கு என்ன பயன்? நீங்காத முள்ளோடு வாழ்ந்தவரின் கடிதம்தான் அவருக்குத் துணையாயிற்று.

இன்னொன்றும் அவர் எழுத்தில் வருகிறது. கிராமத்துத் தட்டான் ஒருவர் கரி நெருப்பில் பொன்னைப் புடம் போடுவதை அவர் முன்னொரு காலத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். பொன் சுத்தமானது எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, தம் முகம் அதில் தெரியும்போது என்று தட்டான் பதில் சொன்னாராம். பைபிளில் கடவுளைப் பொன்னைப் புடமிடுகிறவருக்கு ஒப்பிடும் பகுதி உண்டு. அதைப் பல நாட்டார் படித்திருப்பார்கள். நெருப்பின் முன்னால் குந்தியிருக்கும் தட்டான் அதை விட்டு எழுந்து போகமாட்டார் என்பது ஏமிக்குப் புலப்பட்டது திருநெல்வேலிப் பட்டறையில்.

கூடவே இருக்கும் கடவுள் என்பது அவருக்கு வெறும் கருத்தாக இருந்திருந்தால், அந்த அறை ஒரு சிறையாகியிருக்கும். அங்கே நடந்ததைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. படுத்துக்கொண்டே ஒரு டஜனுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதினார். அவருடைய மொத்த நூல்கள் ஏறத்தாழ 35. பிள்ளைகளுக்கும் சக ஊழியர்களுக்கும் சின்னச் சின்னக் காகிதங்களில் எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு பிள்ளையின் வந்த நாளையும் நினைவில் வைத்திருந்தார். பிரச்சினையோடு வந்தவர்கள் வரிசையாக வந்து கட்டில் அருகே உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார்கள். நிர்வாகமும் அந்தக் கட்டிலிலிருந்தே பெருமளவு நடந்தது. இவ்வளவு பேருக்குப் பொறுப்பாக இருந்தவர், தாம் எல்லாருக்கும் பாரமாகிவிட்டோமோ என்று வருந்தவும் செய்தார். படுக்கையில் விழுந்த எந்தத் தாய்க்கும் வரும் வருத்தம் அது. நம்பிக்கை அதிகம் என்பதால் அவரிடம் அது எட்டிப் பார்க்காமல் போகவில்லை.

மரணத்தைப் பற்றி அவருக்கு ஒரு பழைய நினைவும் துணையாக இருந்தது. லுல்லா என்ற ஐந்து வயதுப் பெண் குழந்தை டோனாவூரில் மூச்சுத் திணறிக் கிடந்தாள். அந்த வேதனையைப் பார்க்கச் சகியாமல், குழந்தையைச் சீக்கிரம் எடுத்துக்கொள்ளும்படி ஜெபிக்க ஏமி பக்கத்து அறைக்குப் போனார். திரும்பி வந்து பார்த்தால் குழந்தையின் முகத்தில் வேதனை இல்லை. யாரையோ கண்டுவிட்டதுபோல் சிரித்து, கைகளை நீட்டினாள். சிறிது நேரத்தில் உயிர் பிரிந்தது. அந்த அறையில் இருந்த பெரியவர்கள் யாரும் எதையும் பார்க்கவில்லை. குழந்தை எதைக் கண்டாள் என்பதை விளக்க ஏமி முயலவில்லை. கண்டதை மட்டும் எழுதி வைத்தார்.

படுக்கை ஆண்டுகளிலும் இழப்புகள் தொடர்ந்தன. சிறுமியாக வந்து மகளாகி, டோனாவூர்ப் பொறுப்பின் பெரும்பகுதியைச் சுமந்த அருளாய் 1939இல் இறந்தார். தமக்குப் பின் பொறுப்பேற்பார் என்று ஏமி நம்பியிருந்த காட்ஃப்ரி வெப்-பெப்ளோ 1949 தொடக்கத்தில் மறைந்தார். தாம் முந்திப் போவோம் என்று நினைத்திருந்தவருக்கு, இளையவர்கள் ஒவ்வொருவராக முந்திப் போவதைக் கட்டிலிலிருந்து கேட்டுக்கொண்டிருக்க நேர்ந்தது. 1948இல் அறைக்குள்ளேயே மறுபடி விழுந்தார். கையும் இடுப்பும் முறிந்தன. அதன்பின் எழுதுவதற்கும் பிறர் கை தேவைப்பட்டது.

1951 ஜனவரி 18ஆம் தேதி அதிகாலையில், 83ஆம் வயதில் உயிர் பிரிந்தது. கல்லறைக் கல் வேண்டாம் என்று முன்பே சொல்லி வைத்திருந்தார். டோனாவூர்த் தோட்டத்தில், பிள்ளைகள் பலர் அடக்கமான இடத்திலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள். கல் வைக்கக் கூடாது என்ற சொல்லை மீறாமல், பறவைகள் வந்து நீர் குடிக்க ஒரு கல் தொட்டியை அங்கே வைத்தார்கள். அதில் பொறித்திருக்கும் பெயர் அம்மை என்பது மட்டுமே.

அவருடைய வாழ்க்கை வரலாற்றை முதலில் விரிவாக எழுதியவர் பிராங்க் ஹூட்டன், 1953இல் வெளிவந்தது. 1987இல் எலிசபெத் எலியட் இன்னொன்று எழுதினார். காட்டுக்குள் ஊழியம் செய்யப் போன இடத்தில் இளம் கணவரைப் பறிகொடுத்தவர் எலியட். பதின்ம வயதிலேயே ஏமியின் எழுத்துகளைப் படிக்கத் தொடங்கியவர். ரோஸ் ஃபிரம் பிரையர் இன்றும் அச்சில் இருக்கிறது. டோனாவூரில் ஏமியின் காலத்தில் தொடங்கிய பரம சுகசாலை மருத்துவமனைக்குச் சுற்றுக் கிராமத்து மக்கள், எந்த மதத்தவரானாலும், இன்னமும் போய் வருகிறார்கள்.